ரப்பரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

பாலிகஞ்சில் நடக்கும் நம் ஞாயிறு ஓவிய வகுப்புக்கு வருகிறவர்களுக்கும், அவர்களைப் போலவே வேலையெல்லாம் ஓய்ந்த வயதில் பிரஷ் பிடித்திருக்கும் கொல்கத்தாத் தமிழர்களுக்கும் ஒரு திறந்த மடல்



நீங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் கிடைத்தது. மரியாதை குறையாமல்தான் எழுதியிருக்கிறீர்கள். லூஸ் ஸ்ட்ரோக் எங்களுக்கு ஒத்துவரவில்லை, பழையபடி போட்டோவைப் பார்த்து ஃபினிஷிங்கோடு வரையக் கற்றுக்கொடுங்கள், ஜனவரியில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு ஊரிலிருந்து சொந்தபந்தமெல்லாம் வருகிறார்கள், அவர்கள் முன்னால் அரைகுறையாக எதையும் மாட்ட முடியாது என்று சொல்லியிருக்கிறீர்கள். ‘டீச்சர் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை’ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

பதிலை நேரிலேயே சொல்லியிருப்பேன். சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, டீயும் ஷிங்காராவும் வந்ததும் பேச்சை மாற்றிவிடுவீர்கள். தவிர, ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட் பக்கம் வேறு வகுப்புகளில் படிக்கிற நம்மவர்களும் இதே குறையைத்தான் சொல்கிறார்கள் என்று கேள்வி. ஆகவே எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பாதிப்பேர் ரிட்டயர் ஆனவர்கள்தானே, படியுங்கள்.

உங்கள் குறையைக் கேட்டேன். இனி என் குறையைக் கேளுங்கள்.

மழை விட்ட கையோடு ஒரு ஞாயிறன்று மேஜைமேல் ஒரு கத்தரிக்காயும் பித்தளைச் சொம்பும் வைத்தேன். அடியில் பழைய அரக்குத் துணி. உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும், பெரிய தட்டை பிரஷ்ஷில் அலிசரின் கிரிம்ஸனையும் அல்ட்ராமரீனையும் கலந்து எடுத்து, தயங்காமல் ஒரே இழுப்பில் அந்தக் காயைப் போட்டார். நிழல் பக்கத்தில் காய் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் வெறும் காகிதத்தை அப்படியே விட்டிருந்தார். காம்புக்கு ஒரு பச்சைத் தீற்றல். அவ்வளவுதான். கையில் எடுத்தால் கனக்கும் போலிருந்தது. ‘இதோடு விட்டுவிடுங்கள்’ என்று சொன்னேன்.

அடுத்த வாரம் அதே படம் திரும்பி வந்தது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் காயைச் சுற்றி அவுட்லைன். காம்பில் முள் முள்ளாகக் கோடுகள். காகிதம் விட்டிருந்த இடத்தில் வெள்ளை போஸ்டர் கலரை அப்பி, அதற்கும் ஒரு விளிம்பு கட்டியிருந்தது. சொம்பின் வயிற்றில் துணியின் சிவப்பு லேசாகப் பட்டிருந்ததே, அதை அழித்துவிட்டுப் பித்தளை முழுவதும் ஒரே மஞ்சள். நம் வாட்ஸப் குழுவில் அதற்கு எத்தனை கைதட்டல்! ‘அப்படியே போட்டோ மாதிரி இருக்கு மாமி’ என்று ஒருவர் தொடங்கிவைக்க, மற்றவர்கள் வரிசையாக அதையே எழுதினீர்கள். போட்டோ மாதிரி இருப்பதற்குப் போட்டோ போதுமே.

அவரை மட்டும் சொல்லவில்லை. எல்லாரும் செய்கிறீர்கள். வகுப்பில் நான் ‘போதும்’ என்று சொன்ன படங்களில் ஒன்றுகூட அடுத்த வாரம் அப்படியே வந்ததில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய், டிவி பார்த்துக்கொண்டே, பொருள் கண்ணெதிரில் இல்லாதபோது திருத்துகிறீர்கள். கண்ணெதிரில் இல்லாததை எதைப் பார்த்துத் திருத்துவீர்கள்? கத்தரிக்காய் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனதில் இருக்கும் ஒரு பொதுக் கத்தரிக்காயைப் பார்த்துத்தான். மேஜைமேல் இருந்த அந்தக் காய், அன்றைய வெளிச்சம், அந்தத் துணியின் சிவப்பு எல்லாம் போய்விடுகிறது. குழந்தைகள் பாடப்புத்தகத்தில் வருகிற காய்தான் மிஞ்சுகிறது.

போட்டோவைப் பார்த்து வரைந்தால் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய ஓவியர்களே அப்படி வரைகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் கற்கிற காலத்தில் அது உங்களுக்குக் கெடுதல். போன் கேமரா நிழலை ஒரேயடியாகக் கறுப்பாக அடைத்துவிடும். இல்லாவிட்டால் தானே வெளுப்பேற்றி, எல்லா மூலையையும் ஒரே அளவுக்குத் தெளிவாக்கிக் கொடுக்கும். உங்கள் கண் அப்படிப் பார்ப்பதில்லை. கண்ணுக்கு நடுவில் கொஞ்சம் இடத்தில்தான் கூர்மை. சொம்பின் வாயைப் பார்க்கும்போது துணியின் மடிப்பு மங்கல், மடிப்பைப் பார்க்கப் போனால் சொம்பு மங்கல். நேரில் உட்கார்ந்து வரைகிறவர் எதைக் கூர்மையாக வைப்பது, எதை மங்க விடுவது, எதை அறவே விட்டுவிடுவது என்று விநாடிக்கு விநாடி முடிவு செய்தாக வேண்டும். லூஸ் ஸ்ட்ரோக், தளர்ந்த கை என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது அந்த முடிவுகளைத்தான். கை தளர்வாக இருக்கலாம், பார்வை தளர்ந்தால் படம் கெட்டுவிடும். போட்டோவோ எல்லா முடிவையும் முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுகிறது. உங்களுக்கு மிஞ்சுவது நகலெடுக்கும் வேலை.

நகலெடுப்பதில் நீங்கள் கெட்டிக்காரர்கள், அதுவும் ஒரு தொந்தரவு. பேங்கிலும் ரயில்வேயிலும் ஆடிட் ஆபீசிலும் ஒரு பைசா தப்பாமல் கணக்கு எழுதிய கைகள் இவை. ஆனால் லெட்ஜரில் அடித்தல் திருத்தல் கூடாது, அடித்தால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்று எனக்குச் சொன்னவர்களும் நீங்கள்தானே. படத்தில் மட்டும் ஏன் இத்தனை அடித்தல் திருத்தல்?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஈ.பி. ஹாவெல் ஞாபகம் வந்தார். அவரும் சென்னையிலிருந்து இங்கே வந்தவர்தான். 1884இல் சென்னை ஓவியப் பள்ளியில் பொறுப்பேற்று, 1896இல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளிக்கு வந்தார். மாணவர்கள் காலங்காலமாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்த ஐரோப்பியச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளை ஓரங்கட்டினார். உங்கள் நாட்டுக் கலையைப் பாருங்கள் என்றார். மாணவர்கள் கொதித்துவிட்டார்கள். ஐரோப்பியக் கலையை நமக்குக் கற்றுத்தர மறுக்கிறார் இந்த ஆங்கிலேயர் என்று ஊரெல்லாம் பேச்சு. ரணதா பிரசாத் குப்தா தலைமையில் ஒரு கூட்டம் வெளியேறி, 1897இல் ஜூபிலி ஆர்ட் அகாடமி என்று தனிப் பள்ளியே தொடங்கிவிட்டது.

அந்த மாணவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஜூபிலி அகாடமியில் படித்தவர்களில் ஒருவர் ஹேமேந்திரநாத் மஜும்தார். ஈரச் சேலை உடம்போடு ஒட்டிக்கிடப்பதை அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்ததைப் பார்த்தால் ஃபினிஷிங் என்பது என்னவென்று தெரியும். அதற்கு அவர் ஓர் ஆயுளைக் கொடுத்தார். நீங்கள் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒரு வேளை. அந்த நேரத்தில் மஜும்தாரின் பளபளப்பு வராது, ஸ்கெட்ச் பேனா அவுட்லைன்தான் வரும். அதே நேரத்தில் ஒரு கத்தரிக்காயை ஒழுங்காகப் பார்த்துவிட முடியும். உங்கள் கையில் இருக்கிற நேரத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டுமா?

அடுத்தது, கடிதத்தில் எழுதாமல் டீ நேரத்தில் பேசிக்கொள்கிறீர்களே, அது. ‘வங்காளிகளுக்கு இதெல்லாம் பிறப்பிலேயே வருகிறது. நமக்கு எங்கே?’ என்று. இந்த ஊரில் பேட்டைக்குப் பேட்டை ஓவிய வகுப்பு இருக்கிறது, ‘போஷே ஆங்கோ’ என்று உட்கார்ந்து வரைகிற போட்டிக்குப் பென்சில் பெட்டியோடு போகாத பிள்ளை கிடையாது, எல்லாம் சரி. ஆனால் அந்தப் போட்டிகளில் போய்ப் பாருங்கள். அதே மலை, அதே சூரியன், அதே குடிசை, பேஸ்டலைத் தேய்த்துத் தேய்த்து அதே ஷேடிங். அங்கேயும் ஃபினிஷிங்குக்குத்தான் பரிசு. உங்களுக்கு இருக்கிற நோய்தான் அவர்களுக்கும்.

இந்த ஊரில் அந்த அச்சை உடைத்தவர்களில் சிலர் எங்கே போய்க் கற்றார்கள் தெரியுமா? 1943இல், பஞ்சத்தில் தெருவெல்லாம் மனிதர்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்த ஆண்டில், ‘கல்கத்தா குரூப்’ என்று ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். அதில் கோபால் கோஷ், பரிதோஷ் சென், சிற்பி பிரதோஷ் தாஸ்குப்தா மூவரும் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்கள். நம் எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அதே பள்ளி. அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. நீங்கள் மெரினாவுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிற உழைப்பாளர் சிலை அவர் செய்தது. ஆக, வங்காளத்து ஆசிரியர் ஒருவர் சென்னையில் கற்றுக்கொடுக்க, வங்காளத்துப் பிள்ளைகள் ரயில் ஏறிப்போய் அங்கே கற்றுக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். ரத்தத்தில் ஊறியிருந்தால் எதற்கு அத்தனை தூரம் போகவேண்டும்?

கோபால் கோஷின் பூக்கள் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பாருங்கள். அவர் நிலக்காட்சிக்குப் பேர்போனவர், ஆனால் எனக்கு அவருடைய பூவும் பறவையும்தான் உசத்தி. ஈரமான வண்ணத்தைச் சில இடங்களில் அழுத்தி வைத்திருப்பார். அது காய்வதற்குள்ளோ காய்ந்தபிறகோ நாலைந்து கோடு. இதழ் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். ஆனால் என்ன பூ என்பதில் சந்தேகமே வராது. பஞ்சத்தின்போது தெருவில் கிடந்தவர்களை வரைந்ததும் இதே கைதான். அந்த வேகம் ஒய்யாரத்துக்காக வந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்னைவரை போகவேண்டாம் என்றால் காளிகாட்டுக்குப் போங்கள். மினி பஸ்ஸில் ஏறினால் ஷேத்திரம் வந்துவிடும், மாதம் ஒரு தடவையாவது போகிறவர்கள் உங்களில் பலர். அந்தக் கோயிலைச் சுற்றித்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டுவாக்கள் உட்கார்ந்து, யாத்திரைக்கு வந்தவர்களுக்கு மலிவு விலைக்குப் படம் போட்டு விற்றார்கள். மில் காகிதம், தண்ணீர் வண்ணம், பக்கத்தில் அடுத்த ஆள் வாங்கக் காத்துக்கொண்டிருக்கிறான். அழித்துத் திருத்த நேரம் ஏது? பிரஷ்ஷின் ஒரு பக்கத்தில் அடர்த்தியாக வண்ணத்தையும் மறு பக்கத்தில் வெறும் தண்ணீரையும் ஏற்றி, விளிம்பை ஒட்டி ஒரே இழுப்பு இழுப்பார்கள். விளிம்பில் அடர்த்தி, உள்ளே போகப் போக வெளிறல். ஓர் இழுப்பில் கை உருண்டுவிடும், கன்னம் உருண்டுவிடும். நீங்கள் பென்சிலை வைத்து அரைமணி நேரம் தேய்க்கிற ஷேடிங் அது. நெற்றியில் நாமமும் வாயில் இறாலுமாக ஒரு போலிச் சாமியார்ப் பூனை இருக்கிறதே, அந்தப் படத்தில் பூனையை விட்டுவிட்டு இறாலை மட்டும் பாருங்கள். வளைந்த முதுகுக்கு ஒரு கோடு, மீசைக்கு இரண்டு சுழிப்பு. இறால் விற்கிறவரே ஒத்துக்கொள்வார். அன்று கோயில் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற இந்தப் படங்களில் 233ஐ 1917இல் ருட்யார்ட் கிப்ளிங் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், அவருடைய அப்பா சேர்த்துவைத்தவை. அரைகுறை என்று அங்கே யாரும் ஒதுக்கிவைக்கவில்லை.

இன்னும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். பாலிகஞ்ச் பிளேஸ் ஈஸ்டில் ஜாமினி ராய் வீடு. நம் வகுப்பிலிருந்து நடந்தே போகலாம். 1972இல் காலமாகும்வரை கடைசிப் பல ஆண்டுகள் அவர் அங்கேதான் இருந்தார். 2023இல் டிஏஜி ஓவியக் கூடம் அதை வாங்கி அருங்காட்சியகமாக்கப்போவதாக அறிவித்தபோது நீங்களே பேப்பரில் படித்துவிட்டு எனக்குச் சொன்னீர்கள். ஜாமினி ராய் கோடு லூஸ் கிடையாது, கம்பி மாதிரி இருக்கும். ஸ்டில் லைஃபுக்குப் பேர்போனவரும் இல்லை. பின்னே ஏன் அவரை இழுக்கிறேன் என்றால், நீங்கள் கேட்கிற அந்த ஃபினிஷிங் அவரிடம் முழுசாக இருந்தது. அரசு ஓவியப் பள்ளியில் கற்று, பிரமுகர்களின் உருவப்படம் வரைந்து பேரும் எடுத்தவர். அதையெல்லாம் 1920களில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். காளிகாட்டுப் படத்தைப் பார்த்தார், பிறகு சொந்த பாங்குரா மாவட்டத்துக் கிராமத்துப் பட்டுவாக்களைப் பார்த்தார். புளியங்கொட்டைப் பசையில் குழைத்த சில வண்ணங்கள் போதும் என்று நின்றார். நன்றாக வருகிற ஒன்றை, சோறு போடுகிற ஒன்றை விட்டார். உங்களை நான் விடச் சொல்வது ஒரு ஸ்கெட்ச் பேனாவை.

ஐரோப்பாவில் இருந்தும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் மஸ்கட்டிலோ மெல்பர்னிலோ இருக்கும் உங்கள் பிள்ளைகள் அதைக் காட்டினால்தான் நம்புவீர்கள். 1880இல் பாரிஸில் எத்வார் மனே தண்ணீர்விட்டான் கொடியின் சீமை ஜாதி முளைகளை, அதுதான் ஆஸ்பரகஸ், ஒரு கட்டாகக் கீரைமேல் வைத்து வரைந்தார். சார்ல் எஃப்ரூஸி என்ற சேகரிப்பாளர் 800 பிராங்குக்கு அதை வாங்கிக்கொண்டு 1000 அனுப்பிவைத்தார். மனே சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு முளையைச் சின்ன கான்வாஸில் வரைந்து, உங்கள் கட்டில் ஒன்று குறைந்துபோயிருந்தது என்கிற மாதிரி சீட்டு எழுதி அனுப்பினார். அந்த ஒற்றை முளை இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாம்பல் கலந்த பளிங்கு மேஜை, அதன் விளிம்போரம் முளை. பளிங்கும் முளையும் கிட்டத்தட்ட ஒரே நிறம். நுனியில் கொஞ்சம் ஊதா இல்லாவிட்டால் மேஜையோடு போய்விடும். வேடிக்கைக்காக வரைந்தது என்பதாலோ என்னவோ, கட்டைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இதைக் கேட்டுவிட்டு ‘சரி, வேகமாக வரையவேண்டும், அவ்வளவுதானே’ என்று கிளம்பிவிடாதீர்கள். செசான் ஆப்பிளை வரைந்து முடிப்பதற்குள் ஆப்பிள் அழுகிவிடுமாம், அதனால் காகிதப் பூவை வைத்துக்கொண்டார் என்பார்கள். பொலோன்யாவில் மொராந்தி அதே சில புட்டிகளையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வாழ்நாள் முழுக்க வரைந்தார். புட்டி பளபளத்து உறுத்தாமலிருக்க அவற்றுக்கே மங்கலாகப் பெயின்ட் அடித்து வைத்தார். இருவரும் நிதானஸ்தர்கள். ஆனால் அவர்கள் படத்தில் எங்காவது நத்தை ஊர்ந்த மாதிரி ஒரு விளிம்பு இருக்கிறதா பாருங்கள். வேகம் உங்களுக்கு நான் தருகிற மருந்து, அவ்வளவுதான். யோசித்து யோசித்துக் கெடுக்கிறவர்களுக்கு யோசிக்க நேரம் கொடுக்கக்கூடாது என்பதற்காக. நோய் தீர்ந்தபிறகு ஆற அமர வரையுங்கள், நான் கேட்கமாட்டேன்.

இனி, வகுப்பில் நான் கத்துகிற சமாச்சாரங்களை ஒருதரமாவது எழுத்தில் படியுங்கள். கத்தும்போது காதில் ஏறுவதில்லை.

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரமெல்லாம் கரைந்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று பெரிய துண்டுகள் நிற்கும். அந்த மூன்றும் சரியாக விழுந்துவிட்டால் காம்பு முள் போட்டாலும் போடாவிட்டாலும் கத்தரிக்காய் கத்தரிக்காய்தான். விழாவிட்டால் ஆயிரம் முள் போட்டும் பிரயோஜனமில்லை. பிரஷ்ஷை நுனியில் பேனா மாதிரி பிடிக்காதீர்கள், கைப்பிடியின் கோடியில் பிடியுங்கள், விரல் ஆடாமல் தோள் ஆடட்டும். நின்று வரைய முடிந்தவர்கள் நில்லுங்கள். முட்டிவலிக்காரர்கள் உட்காருங்கள், ஆனால் படத்திலிருந்து ஒரு கை தள்ளி. நிழலுக்குக் கறுப்பு ட்யூபைப் பிதுக்காதீர்கள். வண்ணத்தைப் பேலட்டில் கலந்து முடிவு செய்துவிட்டு, தாளில் ஒருதரம் வையுங்கள், எடுங்கள். அதே இடத்தில் இரண்டாம் தரம் தேய்த்தால் தண்ணீர் வண்ணம் சேறாகிவிடும், உங்களுக்கே தெரியும். ஐப்பசி கார்த்திகையில் காற்று காய்ந்து, வாஷ் சீக்கிரம் உலர்ந்துவிடும். மழைக்காலத்தில் இருந்த சௌகரியம் இருக்காது. முன்கூட்டியே நிறையத் தண்ணீரோடு கலந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மீனை உதாரணமாகச் சொல்கிறேன். பார்ஷே என்று கையகல மீன், பனிக்காலத்தில் கொழுத்து வரும். வெள்ளி கலர் ட்யூபைத் தொடவே கூடாது. முதுகு பச்சை கலந்த சாம்பல், அதை ஒரே வாஷாக வாய் முதல் வால்வரை. ஈரம் இருக்கும்போதே கீழ்ப்பக்கத்தைச் சுத்தத் தண்ணீரால் இழுத்துவிட்டால் வயிறு தானாக வெளுக்கும். அந்த வயிறும் முழு வெள்ளை இல்லை, ஒரு சொட்டு நீலம் இருக்கிறது, முதுகின் மினுமினுப்புக்காகக் காகிதத்தை விடுகிறீர்களே, அதுதான் வெள்ளை. செவுளோரம் துளி ரோஜா நிறம். செதிலை எண்ணிப் போடுகிற வேலை வேண்டாம். முதுகு வயிற்றுப் பக்கம் திரும்புகிற அந்த ஓரிடத்தில் காய்ந்த பிரஷ்ஷை லேசாக உரசினால் மீன் முழுவதும் செதில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். கடைசியில் கண்ணுக்கு ஓர் இருண்ட புள்ளி. அதைச் சீக்கிரம் வையுங்கள், மீன் நேரமாக ஆக மேஜைமேலேயே கண் மங்கிக்கொண்டிருக்கும்.

தாள் வீணாகிறது என்பது உங்களில் நிறையப் பேர் மனசில் இருக்கிறது. நியாயமான கவலை. 300 ஜிஎஸ்எம் தாள் விற்கிற விலைக்கு ஒரு தாளைக் கெடுக்க யாருக்கும் கை வராது. அதனால்தான் கெடுகிறது. விலையுயர்ந்த தாளுக்கு முன்னால் கை நடுங்கும். தர்மதலாவில் லாஹா கடைக்குப் போகிறவர்கள் சாதாரண கார்ட்ரிட்ஜ் தாளைக் கட்டாக வாங்கி, எட்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். சுருங்கினால் சுருங்கட்டும். காளிகாட்டுக்காரர்கள் கையில் இருந்ததும் ஒசத்தித் தாள் கிடையாது.

வயதைச் சொல்லாதீர்கள். இந்த ஊரில் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. ரவீந்திரநாத் தாகூர் அறுபதைத் தாண்டித்தான் மும்முரமாக ஓவியத்தில் இறங்கினார். கையெழுத்துப் பிரதியில் அடித்த சொற்களை இழுத்துச் சுழித்து உருவமாக்கியதில் தொடங்கியது அது. 1930இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பள்ளியிலும் ஓவியம் படித்துத் தேறியவரும் இல்லை.

மிச்சமிருப்பது சொந்தக்காரர்கள். அதுதான் உண்மையான பயம் என்று எனக்குத் தெரியும். மாம்பலத்திலிருந்து மைத்துனர் வந்து நின்று, ‘என்ன, பாதியிலேயே விட்டுட்டே?’ என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் கேட்கத்தான் கேட்பார். உங்கள் பழைய படத்தைப் பார்த்து ‘அப்படியே போட்டோ மாதிரி’ என்று சொல்லிவிட்டு, ஐந்து விநாடியில் அடுத்த படத்துக்குப் போய், அங்கேயும் அதையே சொன்னவரும் அவர்தான். ஒரு படத்தின் முன் நின்று ஒரு கேள்வி கேட்டாரே, அந்த அளவுக்கு நின்றாரே, அதை லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். கண்காட்சி வரைக்கும் போட்டோவைத் தொடாதீர்கள். வகுப்பில் வரைந்ததை வகுப்பிலேயே என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன், ஒன்றையும் தொலைக்கமாட்டேன். கண்காட்சியில் ஆளுக்கு ஒரு படமாவது, பொருளை எதிரில் வைத்து ஒரே அமர்வில் போட்டது, பிறகு யார் கையும் படாதது, மாட்டவேண்டும். பழைய ஃபினிஷிங் படங்களையும் மாட்டிக்கொள்ளுங்கள், அதற்கு நான் தடை சொல்லவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். வசந்த பஞ்சமிக்கு, அதாவது இந்த ஊர் சரஸ்வதி பூஜைக்கு, மறுநாள் எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம். அப்போதும் உங்களுக்குப் போட்டோதான் வேண்டுமென்றால் கிரிட் கட்டம் போடுவதிலிருந்து நானே கற்றுத்தருகிறேன். முகம் சுளிக்காமல் கற்றுத்தருவேன், இது எழுத்தில் கொடுக்கிற வாக்கு.

வருகிற ஞாயிறு நேரே வகுப்புக்கு வர வேண்டாம். காலை ஏழு மணிக்குக் கரியாஹாட் மார்க்கெட் வாசலுக்கு வந்துவிடுங்கள். பார்ஷேயோ இறாலோ, எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்குவோம். மீன்காரர் பழக்கதோஷத்தில் அரிவாள்மணையில் வைத்து நறுக்கிவிடுவார். ‘கோட்டா தின், காட்பென் நா’, முழுசாகக் கொடுங்கள், வெட்டாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மீன் பக்கமே வரமாட்டோம் என்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் வாங்கி வந்துவிடுங்கள், உங்களுக்கு வேறு மேஜை, வேறு தண்ணீர்க் குவளை. பெரிய பிரஷ், கிழித்த தாள், பழந்துணி போதும். ரப்பர், ஸ்கெட்ச் பேனா, வெள்ளை போஸ்டர் கலர் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். பையைத் திறந்து பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பாலிகஞ்ச், கொல்கத்தா